மதலேனம்மாள் சுமந்த வெற்றிலைத் தட்டு

சாந்தன்பாறை ஏலமலையில் முப்பது ஆண்டுகள் மருத்துவச்சியாக இருந்தவர் மதலேனம்மாள். கங்காணி சுருளிவேலின் கூலிக் குடியிருப்பான லயத்திலும் கங்காணி சூசையப்பனின் லயத்திலும் பிறந்த பிள்ளைகளை முதலில் ஏந்திய கைகள் அவருடையவை. தீராப் பகைவர்களான அவ்விருவரின் எல்லைகளையும் தடையின்றிக் கடந்தவர் அவர் ஒருவரே.

அவர்களுடைய ஏலக்காடுகளுக்கு நடுவே, ஓடையின் இரு கரையிலுமாக, என் ஒன்றரை ஏக்கர் இருந்தது. ஒருவர் கைவைத்தால் மற்றவர் சும்மா இரார் என்பதால் இருவருமே அதைத் தொடவில்லை. அவர்களுடைய பகைதான் என் நிலத்துக்கு வேலி என்பதை நான் அப்போது அறியவில்லை.

1926 தை மாதம் இருவரும் சமாதானத்தை விரும்பினர். ஆனால் அடுத்தவர் லயத்தில் முதலில் கால்வைப்பவர் தாழ்ந்துபோனார் என்பது மலை வழக்கம். ஆகவே வெற்றிலைத் தட்டு மதலேனம்மாள் கையில் போயிற்று, வந்தது. மூன்றாம் நாள் இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டனர்: "ஒருவர் காரியத்தில் ஒருவர் தலையிடுவதில்லை."

அந்த மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். "எய்யா, ரெண்டு கோட்டிக்காரனும் கை கோத்துட்டானுவ! இனி பேறுகாலம் பாக்கப் போறப்ப காவக்காரன் கம்புக்குப் பயப்பட வேண்டாம்."

"திடீர்னு எதுக்குக்கா?"

"சமாதானத்துக்கும் காரணம் கேப்பாகளா? வெத்தலயப் போடும்."

கையெழுத்தான பதினெட்டாம் நாள், கிழக்கிலிருந்து சுருளிவேலின் ஆட்களும் மேற்கிலிருந்து சூசையப்பனின் ஆட்களும் என் காட்டில் இறங்கி, ஓடைவரை வளைத்துக்கொண்டார்கள். தாளில் எழுதாமல் பேசி முடித்த பங்கு அது.

மதலேனம்மாள் இருபது மைல் நடந்து வந்து தாலுகா கச்சேரியில் எனக்காகச் சாட்சி சொன்னார். தாளில் என் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நில உரிமைப் பட்டயம் கேட்டு நான் கொடுத்த மனுவும் முடிவாகாமல் இருந்தது. தோற்றேன். மனு, பதில், உடன்படிக்கையின் நகல் அனைத்தும் இன்றும் என்னிடம் உள்ளன.

நான் விலகியதும் அவ்விருவருக்கும் இடையில் எஞ்சியது அந்தச் சிற்றோடைதான். அடுத்த கோடையிலேயே தண்ணீருக்காக அரிவாள் எடுத்தார்கள். இரு தரப்புத் தலைகளுக்கும் தையல் போட்ட மதலேனம்மாள், தையலுக்கு ஒரு வசவு வீதம் குறையாமல் கொடுத்தார்.

1939 ஆகஸ்டு 30, கந்தப்பனின் டீக்கடை. ஜெர்மனியும் ருஷ்யாவும் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தியைப் பழைய பத்திரிகையிலிருந்து படித்தேன். இனிச் சண்டை வராது என்று கடையே மகிழ்ந்தது. கண் மங்கிய மதலேனம்மாள் மட்டும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல யாருய்யா இருக்கா?"

"போலந்துன்னு ஒரு நாடுக்கா."

சிலுவை போட்டுக்கொண்டார். "அவுகளுக்கு உடனே ஒரு காயிதம் போடும்."

"வெலாசம் என்ன ஆத்தா? நடுவீடு, போலந்துன்னு எழுதிரலாமா?" என்றான் கந்தப்பன்.

"ஒன்னையக் கால் பிடிச்சு வெளிய இழுத்தது ஏந்தப்புல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒம்ம காரியத்துல நான் காரணம் கேக்காம வெத்தல சொமந்துட்டேன். அவுகளுக்காவது முன்கூட்டிச் சொல்லுவோம்யா."

எழுதினேன், கைநாட்டு வைத்தார். தபால் பை சனிக்கிழமைதான் மலையிறங்கும். வெள்ளிக்கிழமையே ஜெர்மானியப் படை போலந்தில் புகுந்துவிட்டது. சனிக்கிழமை காலை, பை கட்டுமுன் தந்தியில் செய்தி வந்ததும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீரும்," என்று என் கையைப் பிடித்தார். "ஒரு பக்கத்துக்காரன்தான வந்திருக்கான்."

செப்டம்பர் பதினேழாம் தேதி, கிழக்கிலிருந்து மற்றவனும் வந்தான். விலாசம் கிடைக்காமல் நின்றுபோன கடிதம் என் நிலத்தின் தாள்களோடு இருக்கிறது.