போட்டேன் என்று சொல்கிறவர்கள்

தெருவில் அவளுக்கு ‘ஓட்டு டீச்சர்’ என்று பெயர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. யார் ஓட்டுப் போடுகிறார்கள், யார் போடாமலே போட்டேன் என்கிறார்கள், எதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராய்வதிலேயே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. வீடு வீடாக ஏறி இறங்கியதில் எந்த நாய் கடிக்கும், எது வெறுமனே குரைக்கும் என்பதும் அத்துப்படி.

அந்த ஆராய்ச்சிக்கே இப்போது ஆபத்து. கேட்டவர்களில் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் போட்டேன் என்றார்கள். வாக்குச்சாவடிப் பதிவேட்டிலோ அறுபது பேரின் கையெழுத்துதான் இருந்தது. அடுத்த சுற்றிலும் இப்படியே வந்தால் திட்டத்தை மூடிவிடுவதாகத் துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கேள்வியை மாற்றி மாற்றி எழுதினாள். ஓட்டுப் போட நேரம் கிடைத்ததா என்று ஒன்று. பலருக்கு முடியாமல் போகிறது, உங்களுக்கு எப்படி என்று இன்னொன்று. எதையும் முதலில் அக்காவிடம்தான் கேட்டுப் பார்ப்பாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்கா ஒவ்வொரு முறையும் அசராமல் போட்டேன் என்பாள். பதிவேட்டில் அக்கா பெயருக்கு எதிரே மூன்று தேர்தலாகக் கட்டம் காலி. தெரிந்தும் இவள் வாய் திறந்ததில்லை. தொழில் தர்மம் பாதி, அக்கா மேல் பயம் பாதி.

ஆறாவது கேள்வித்தாளோடு கடைக்குப் போனபோது அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“கேள்விய எத்தன தடவ மாத்தினாலும் கேக்குற ஆளு நீதானடி?”

“அதனால என்னக்கா?”

“முட்டி வலியோட வரிசையில நிக்க முடியல, திரும்பி வந்துட்டேன். வேற யார்கிட்ட வேணா சொல்லுவேன். ஓட்டப் பத்தியே படிச்சவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?”

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் வார்த்தைகளையே இழைத்துக்கொண்டிருந்தவள், தன் முகத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்த சுற்றில் அவள் வாயால் எதையும் கேட்கவில்லை. பெயர் எழுதாத சீட்டு, பூட்டிய பெட்டி. ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்று குறித்துப் பெட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். எண்பத்தாறு அறுபத்து நாலாக இறங்கியது. துறைத்தலைவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, திட்டம் தொடரட்டும் என்றார்.

அறிக்கை அச்சானதும் முதல் பிரதியை மருந்துக்கடைக்கு எடுத்துப் போனாள். நன்றிப் பக்கத்தில் அக்காவும் இருந்தாள். அக்கா விரலை வைத்து மெதுவாக வாசித்தாள்.

“நான் போடலங்கிறதையும் எழுதிட்டியா?”

“இல்லக்கா. யோசனை சொன்னது நீன்னு மட்டும்தான்.”

“அப்ப சரி.” புத்தகத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் நிறுத்திவிட்டு, அக்கா அடுத்த ஆளின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.