சீனியம்மாள் வாங்கிய கேமரா

கேமரா வாங்க வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எடுத்த எடுப்பில் எத்தனை மெகாபிக்சல் என்பார்கள். அது கூடக் கூடப் படம் நன்றாக வரும் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். ரோட்டோரம் பேனர் கட்டுகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம். எடுத்த படத்தை ஆல்பத்தில்கூட ஒட்டாதவனுக்கு எதற்கு? குடிப்பது கூழ், கொப்பளிப்பது பன்னீர். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையைப் போட்டு, இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

சீனியம்மாள் மெகாபிக்சல் கேட்கவில்லை. "கையில வச்சிருந்தா கேமரான்னு பாக்கிறவுகளுக்குத் தெரியணும் தம்பி" என்றார்.

சோழபுரத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மில்லில் நூல் சுற்றும் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்ததில் கொண்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"செல்போனே நல்லா எடுக்குமேக்கா, எதுக்கு வீண் செலவு?" வியாபாரி சொல்லக் கூடாத பேச்சுத்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"செல்போன் எல்லாரு கையிலயும் இருக்கு. அத வச்சுக்கிட்டு மேடைகிட்டப் போனா, ஏட்டி, தள்ளி நில்லுன்னுருவாக. கேமராக்காரின்னா வழி விடுவாக."

பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய அண்ணன் மகள் பொன்மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் வளைகாப்பு. பால் மறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்தது இவர்தான். இவருடைய புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பிள்ளையும் இல்லை. கழுத்தில் தாலி கிடக்கிறது, ஆனாலும் சந்தனம் பூசவோ வளையல் போடவோ யாரும் இவரைக் கூப்பிட மாட்டார்கள். வராதே என்றும் சொல்ல மாட்டார்கள். நல்ல காரியம் தொடங்குகிற நேரம் பார்த்து, "சாப்பாட்டுப் பக்கம் ஆளில்ல, செத்த நேரம் பாத்துக்கோ" என்பார்கள். பொன்மணி கழுத்தில் தாலி ஏறியபோது இவர் அப்பளக் கூடையோடு நின்றிருக்கிறார். கேட்ட எனக்கு எரிந்தது. அவரோ, பஸ் லேட்டு என்பது மாதிரி சொல்லிக்கொண்டு போனார்.

"நான் வளையல் போட வேண்டாம் தம்பி. போடுறப்ப அவ மொகத்தப் பக்கத்துல நின்னு பாக்கணும். அம்புட்டுதான்."

தீபாவளி போனஸுக்குள் அடங்க வேண்டும் என்றார். அந்த விலைக்குப் புதிது கிடைக்காது. கைமாறி வந்த சின்ன கேமராக்கள் மூன்றை எடுத்து வைத்தேன். ரோஸ் கலரில் இருந்ததை அவர் தொடவே இல்லை. பவுடர் டப்பா மாதிரி இருக்கிறதாம். அடுத்தது நல்ல ஜூம் உள்ளது. லென்ஸ் வெளியே நீண்டு வந்து, தெருமுனையில் நிற்கிறவள் மூக்குத்தியைக்கூடக் காட்டும். முதல் தடவை வாங்குகிறவர்கள் அதில்தான் மயங்குவார்கள்.

"கடைசி வரிசையில நின்னாலும் கிட்டத்துல எடுக்கலாம்க்கா" என்றேன்.

"கடைசி வரிசையில நிக்கதுக்கு எனக்கு கேமரா எதுக்கு?"

அதை உள்ளே எடுத்து வைத்தேன். மூன்றாவதைக் கொடுத்தேன். கறுப்பு நிறம், ஜூம் குறைவு. ஆனால் பக்கத்தில் நின்று எடுத்தாலும் நாலைந்து பேர் உள்ளே அடங்குவார்கள், மண்டபத்து வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழும். பட்டனைப் பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் வந்த பிறகு முழுசாக அமுக்கச் சொல்லிக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டே போனார்.

வளைகாப்பு முடிந்து, பிரிண்ட் போட வந்தார். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் முதலில் வந்தவை வீட்டில் பழகுவதற்காக எடுத்தவை. அடுப்பு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அந்த வீட்டில் படம் எடுக்க வேறு யாரும் இல்லை. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

வளைகாப்புப் படங்கள் நன்றாகவே வந்திருந்தன. மற்றவர்கள் கூலிக்கு வந்த வீடியோக்காரரைப் பார்த்துச் சிரிக்க, பொன்மணி மட்டும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழி விட்டாங்களாக்கா?"

"விட்டாக. மேடை மேலயே நின்னேன். பொன்மணி, 'அத்த, நீயும் ஒரு வளையல் போடு'ன்னு கையப் புடிச்சா. எங்க மதினி, 'அவ வந்துட்டா போட்டோ ஆரு எடுக்கது?'ன்னாக. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்."

அப்பளக் கூடை போய் கேமரா வந்திருக்கிறது, அவ்வளவுதான். மனசு கேட்காமல் கேமராவை வாங்கி அதிலிருந்த டைமரைக் காட்டினேன். "பொன்மணி பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு இத அமுக்கி ஸ்டூல் மேல வச்சிருங்கக்கா. செத்த நேரத்துல அதுவே எடுத்துரும். அதுக்குள்ள நீங்களும் போயி பிள்ளைகிட்ட நின்னுக்கலாம்."

அவர் அந்தப் பட்டனைத் தடவிப் பார்த்தார்.

"நான் போயி நின்னுருவேன் தம்பி. நான் நின்ன பொறவும் அவுக எல்லாரும் அங்கனயே நிக்கணுமே."