இல்லத்து நீலப் பை

கோச்சடையில் இருந்த பிள்ளைகள் இல்லத்துக்குக் கருப்புதான் வாடிக்கை ஆட்டோக்காரர். பெற்றவர்கள் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடிப் பிடிப்பது இல்லத்தின் வேலை. கொண்டுபோய் விடுவது கருப்பின் வேலை. ஒத்துவரவில்லை என்று போன் வந்தால் திரும்பக் கூட்டி வருவதும் அவர்தான். பதினோரு வருஷமாக இரண்டையும் ஒரே முகத்தோடு செய்துவந்தார். ஆரம்பத்தில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தவர்தான். திரும்பி வருகிற பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் போகவே, போகிற பிள்ளையிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். மனசு மரத்துப்போச்சா என்று மனைவி மாயக்காள் ஒரு நாள் கேட்டாள். ஆமாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தங்கப்பொண்ணுக்கு ஆறு வயது. இரண்டு வீடு பார்த்துத் திரும்பியவள். முதல் வீட்டில் படுக்கையை நனைக்கிறாள் என்றார்கள். இரண்டாவது வீட்டில் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள் என்றார்கள். சாவி கொடுத்தால் சிரிக்கிற பொம்மை வேண்டுமென்றால் புது மண்டபத்துப் பக்கம் கடை கடையாக இருக்கிறதே, அங்கே போயிருக்கலாம். இரண்டு தடவையும் அவள் அழவில்லை. இல்லத்தில் கொடுத்த நீலப் பையை மடியில் வைத்து, சீட்டின் இடது ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

மூன்றாவது வீடு 2002 ஆடியில் அமைந்தது. கே.கே. நகரில் லலிதாம்பாள், ஹரிராம் என்று வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிற ஒரு தம்பதி. இதுவும் சரிப்படாவிட்டால் வெளியூர் ஹாஸ்டல்தான் என்று இல்லத்து வார்டன் சுந்தரம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். பிள்ளையை வைத்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு மாசம் போன் வரவில்லை. கருப்பும் அதை மறந்துபோனார்.

காலாண்டு லீவில் ஒரு நாள் காலை, காலில் கட்டுப் போட்ட ஒருவரை கே.கே. நகர் கிளினிக்கில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி பஞ்சர். எந்தத் தெரு என்றுகூடப் பார்க்காமல் ஓரங்கட்டி, ஸ்டெப்னியைக் கழற்றினார். எதிர் வீட்டு கேட்டில் ஒரு பிள்ளை நின்றது. ஆட்டோவின் முதுகில் வரைந்திருந்த மயிலைப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

கடைசி நட்டை முறுக்கும்போது வண்டி லேசாக அசைந்தது. நிமிர்ந்தால், இடது ஓரத்தில் தங்கப்பொண்ணு. மடியில் நீலப் பை. இல்லத்திலிருந்து போட்டு வந்த அதே கவுன். இரண்டு மாசச் சாப்பாட்டில் இடுப்பில் இறுக்கியது.

உன்னைக் கூட்ட வரவில்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். யார் வரச் சொன்னது என்று மட்டும் கருப்பு கேட்டார்.

"யாரும் சொல்லல. நேத்து சாயங்காலம் அவங்க பாஷையில ரொம்ப நேரம் பேசிக்கிட்டாங்க. என்னயத்தான் பேசிருப்பாங்க." பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு, "ஹாஸ்டலுக்கு இன்னைக்கேவா மாமா?" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

லலிதாம்பாள் மாவுக் கையோடு ஓடிவந்தார். வாங்கிக் கொடுத்த கவுன், ஷூ, கிளிப்பு எல்லாவற்றையும் கட்டில்மேல் ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு நிமிஷத்தில் கட்டிய பை இல்லை அது. வந்த நாளிலிருந்து பிரிக்கப்படாத பை. அது புரிந்ததும் லலிதாம்பாள் ஆட்டோவில் ஏறிப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேஸ் சிலிண்டர் இன்னும் வரலேன்னு பேசிக்கிட்டிருந்தோம்டி. உன்னய அனுப்புற பேச்சு இந்த வீட்டுல எந்தப் பாஷையிலயும் கிடையாது."

தங்கப்பொண்ணு நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. லலிதாம்பாள் பையைத் திறந்து துண்டையும் பிரஷ்ஷையும் தன் மடியில் கொட்டிக்கொண்டார். வெறும் பையைக் கருப்பிடம் நீட்டினார்.

"இத அங்கனயே குடுத்துருங்கண்ணே."

பை கைமாறிய பிறகுதான் பிள்ளை இறங்கியது. வீட்டுக்குள் போகும்வரை பையையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கருப்பு அதை இல்லத்தில் கொடுக்கவில்லை. பின்சீட்டுக்கு அடியில் செருகிவைத்தார். அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டு இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்றுதான். நல்ல வார்த்தை சொன்ன வீட்டிலிருந்தும் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றியவர் அவர். இல்லத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடும்போதெல்லாம், கே.கே. நகரா என்று முதலில் கேட்டார். இல்லை, இல்லை என்றே ஒரு வருஷம் ஓடியது.

மறு வருஷம் எஃப்.சி. சோதனைக்காக வண்டியைக் கழுவியபோது பை கையில் பட்டது. அன்றைக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். சுந்தரம்மாள் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்காமல் துவைத்துக் காயப்போட்டார். அடுத்த வாரம் அதே பை வேறொரு பிள்ளையின் மடியில் வண்டி ஏறியது.

பேர் என்ன என்று கருப்பு கேட்டார். கேட்டிருக்க வேண்டாமோ என்று பாதி வழியில் தோன்றியது.