பச்சைச் சுவரில் தாளம்

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் இன்றைக்கு இராஜபாளையத்தில் எந்தப் பழைய வீட்டில் குளியலறைச் சுவரில் ஓதம் ஏறினாலும் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். இன்ஜினியர்கள் கருவியை வைத்துப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பார்கள். நான் விரல் முட்டியால் நாலு தட்டுத் தட்டி, எங்கே பூச்சு விட்டிருக்கிறது, எங்கே பிடித்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். உடைத்துப் பார்த்தால் கோடு தப்பாது. இந்தக் காது எப்படி வந்தது என்று கேட்பார்கள். சிரித்து வைப்பேன்.

எண்பதுகளின் ஆரம்பம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பேண்டேஜ் துணி வெளுக்கிற வேலை நடந்தது. துணியை அண்டாவில் சலவைக்காரம் போட்டு அவித்து, தொட்டியில் அலசி, முறுக்கிப் பிழிந்து, மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். அந்த அறையில் வருஷம் முழுக்க ஈரம்தான். சுவரோ மண் கலவையில் செங்கல் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய பழைய சுவர். அடியில் உப்புப் பூத்துப் பொருபொருவென்று உதிரும். அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை அதைச் சுரண்டித் தள்ளிவிட்டுப் புதுசாகச் சுண்ணாம்பு அடிப்பாள். அந்தச் சுவருக்கு அதுதான் வைத்தியம்.

ஒரு தடவை துணியில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியிருக்கிறது என்று ஒரு லோடு முழுக்கக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. காயத்தில் வைத்துக் கட்டுகிற துணி இல்லையா? அப்பாவுக்கு ரோஷம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் கனமான சிமெண்டுப் பூச்சு. உள்பக்கம் அதன்மேல் முகம் பார்க்கலாம் போல் பச்சைப் பெயிண்ட்.

"இனி ஒரு சொட்டு உள்ள போகாது, அண்ணாச்சி," என்றார் கொத்தனார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சரி, கீழ இருந்து ஏறுற தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"ஏட்டி, கொத்தனாருக்கே கொத்து வேலை சொல்லிக்குடுக்கியா?" என்றார் அப்பா. கொத்தனார் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

துணி முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை என் கையில், மறுமுனை அம்மா கையில். என் இடம் சுவர்ப் பக்கம். அம்மாவுக்கு வாசல் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் வேலை. அடுத்த துணியை அம்மா தொட்டியிலிருந்து எடுக்கிற செத்த நேரத்தில் நான் திரும்பிச் சுவரில் தாளம் போடுவேன். முதலில் முழங்கால் உயரத்தில் மட்டும் வெற்றுப் பானை மாதிரி 'டொம்' என்றது. மழைக்காலம் நெருங்கியபோது என் தலைக்கு மேலேயும் 'டொம்'. எங்கே தட்டினால் என்ன சத்தம் என்பது எனக்கு அத்துப்படி. இத்தனைக்கும் பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது.

ஒருநாள் அம்மா துணியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தாள். என் கையை விலக்கிவிட்டுத் தானும் தட்டினாள். கீழே, மேலே, இன்னும் மேலே. அன்று அப்பா சாப்பிடும்போது சொன்னாள். "ஏங்க, செவரு உப்பி நிக்கி. உள்ள மண்ணு கரையுது போல. பூச்சைப் பேத்துப் பாக்கணும்."

"இந்த லோடு முடியட்டும். நாலு நா வேலை நின்னா கம்பெனிக்காரன் துணிய வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

மறுநாள் அம்மா என்னிடம், "ஏலே, இனிமே நீ வாசப்பக்கம் நில்லு," என்றாள்.

"அது என் எடம்."

"நில்லுன்னா நில்லு."

நான் விளையாடுவது பிடிக்காமல்தான் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். எட்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. வேண்டுமென்றே துணியைத் தொய்யவிட்டேன். "இறுக்கிப் பிடிலே," என்பாள். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் சாயங்காலம் நாங்கள் முறுக்கிக்கொண்டிருக்கும்போது, சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பச்சைச் சுவர் ஒரே பாளமாக அம்மா முதுகின்மேல் சாய்ந்தது. என் கையிலிருந்த துணி வெடுக்கென்று கீழே இழுத்தது. நான் விடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்து, அந்தத் துணி போன வழியில்தான் செங்கல்லை அள்ளி அவளை எடுத்தார்கள். செங்கல்லுக்கு நடுவிலிருந்த மண் பிசைந்த மாவு மாதிரி கையோடு வந்தது. 'பய துணிய விடலையே' என்று தெருவே பேசியது. அந்தப் பெருமையை நான் ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கமும் நின்று துணி முறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவள் கால் காயத்துக்கு எங்கள் வீட்டில் வெளுக்கிற மாதிரித் துணியில்தான் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்பா உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றார். மனுசன் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு வேறு கவலை. கட்டில் ஓரமாகப் போய்க் கேட்டேன். "யம்மா, புதுச் செவரு கட்டுனதும் அந்தப் பக்கம் நான் நின்னுக்கிடவா?"

அம்மா என் கையை எடுத்து விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நின்னுக்கோலே," என்றாள்.

என் இடம் எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது என்று, பஸ்ஸில் வீடு வந்து சேர்கிற வரைக்கும் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.