அக்கா படகேறாத ஞாயிறு

அக்கா போர்ட் பிளேர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். ஊர் எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். புத்தகத்தைத் தொடவே மாட்டாள். அக்கரையில் எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலைப் படகில் சேர்ந்துதான் போவோம், அவள் வேலைக்கு, நான் பள்ளிக்கு. வழியெல்லாம் எண்களைக் கேட்டு அவளைச் சோதிப்பது என் விளையாட்டு.

நான் பள்ளி முடித்த வருஷம் அவள் திணற ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரி?"

"நில்லுட்டி... வாயிலதான் நிக்குது."

"அதுக்குள்ள நோயாளி செத்துப்போவான்க்கா!"

படகே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவளுக்குக் காலையில் தலைவலி; படகோரத்தில் வாந்தி. "க்யா தீதி, இத்தனை வருஷம் ஆகியும் சமுந்தர் பழகலையா?" என்பார் டிக்கெட் கிழிக்கும் வங்காளி. வீட்டிலும் அதையே சொன்னோம்: கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மறதிக்குச் சோம்பல் என்று நானே பெயர் வைத்தேன். எண்களைச் சீட்டில் எழுதி அவள் பையில் வைத்து அனுப்பினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா கொல்லையில் குனிந்து நின்று வாந்தியெடுத்தாள். படகும் இல்லை, அலையும் இல்லை. சுவரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆனால் ஒன்பது நாளில் எனக்குக் கப்பல், மெட்ராஸில் கல்லூரி. அக்காவுக்கு நோயென்றால் அம்மா என்னை அனுப்ப மாட்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, பார்வை மங்கிய பிறகு, அவளையும் மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறி வெகுநாள் ஆகிவிட்டது, மறதியும் மந்தமும் அதனால்தான் என்றார்.

"வாந்தி எப்பலேர்ந்து?"

"போட்டுல போகும்போது மட்டுந்தான் டாக்டர்," என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷனில் உயிரும் பாதிப் பார்வையும் மிஞ்சின. அவளுடைய வேகம் திரும்பவில்லை. காப்பியா டீயா என்று கேட்டால்கூடப் பதில் வர நேரமாகும், காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

போன விடுமுறையில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு பொங்கி, அம்மா வடித்தும் ஆயிற்று.

"நீ பெட்டி அடுக்கிட்டு இருந்தியேட்டி," என்றாள். "அதான் நானும் சொல்லல."