அப்பா முறுக்கிய நட்டு

எங்கள் அப்பா ஒரு நட்டை முறுக்கினால் அதை அவிழ்க்க இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று லோரிக்காரர்கள் சொல்வார்கள். பந்திங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். டயர் நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதிப்பார். அந்தப் பெருமைதான் பிறகு எங்கள் குடியைக் கெடுத்தது.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது இனிப்பு நீர் வியாதி முற்றி அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்தது. அதோடு லோரியும் போயிற்று. கம்போங் மேடானில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில் குத்தவைக்கிற கக்கூஸ்தான். இரண்டு கையிலும் கட்டையை ஊன்றி நடக்கிறவர் அதில் எப்படிக் குந்துவார்? அம்மாதான் தாங்கிப் பிடித்து உட்கார வைப்பார், தண்ணீரும் ஊற்றுவார். அப்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

சித்தப்பா பூச்சோங்கில் வீடு உடைத்துக் கட்டும் வேலையில் இருந்தார். யாரோ கழற்றிப் போட்ட உட்காரும் கக்கூஸ் ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து பொருத்தினார். தொட்டியின் பிடியை ஒரு விரலால் அழுத்தினால் போதும், தண்ணீர் தானாக இறங்கும். யாரையும் கூப்பிட வேண்டாம். அன்றைக்கு அப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"இரு லா! ஒரு மனுஷன் நிம்மதியா உக்காரக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. காலை எடுத்த பிறகு அப்பா அதட்டி நாங்கள் கேட்டது அன்றுதான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் யார் கண் பட்டதோ, சில வாரங்களில் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. அதைக் கக்கூஸோடு பிணைக்கும் போல்ட்டின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழ்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஏறிவந்து, தன் வீட்டு சீலிங்கில் ஈரம் படிவதைச் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"ரப்பர் வாஷர் போயிருச்சுண்ணே. ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்து மாத்திடறேன். அதுவரைக்கும் நீங்க கைய வைக்காதீங்க, இது பீங்கான்."

கையை வைக்காதே என்று அவரிடமா சொல்வது? மறுநாள் அம்மா தொழிற்சாலைக்குப் போனதும், பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்த டூல்ஸ் பெட்டியை இழுக்கச் சொன்னார். "லோரி டயரு மாத்துனவன் லா நான். இந்தச் சுண்டைக்கா நட்டுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?"

ஈரத் தரையில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கினார். ஒழுகல் நின்றது. சத்தியமாக நின்றது!

"பாத்தியா? அப்பா யாரு?" என்றார். நான் கைதட்டினேன். முகமெல்லாம் பழைய லோரிக்காரர்.

அதோடு விட்டிருக்கலாம். பாவி மனுஷன், ஒரு நட்டையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவர். "இன்னும் ஒரு சுத்து," என்று ஸ்பேனரின் வாலைப் பிடித்து உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போட்டார்.

டக்கென்று ஒரு சத்தம். தொட்டி அடியிலிருந்து மேல்வரை பிளந்து, இருந்த தண்ணீரெல்லாம் அவர் மடியில் கொட்டியது. நான் ஓடிப்போய்ப் பைப்பை மூடினேன். அப்பா பிளந்த பீங்கானை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தபடி இருந்தார். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. "எழுந்திரிங்கப்பா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். அம்மா வேலை முடிந்து வரும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்தார். கோபித்துக்கொண்டு எழாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். தானாக எழ முடியாது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சித்தப்பா எங்கெங்கோ அலைந்து பார்த்தார். அந்த மாடலுக்குத் தொட்டி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. மறுபடி வாளி வந்தது. உட்கார்ந்தபடி மொண்டு ஊற்றினால் போகாது. முழு வாளியையும் தூக்கி ஒரே வீச்சில் ஊற்றவேண்டும். கட்டையை விட்டுவிட்டு அப்பா எதைத் தூக்குவார்? தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டார். யாரையும் அதட்டுவதையும்தான்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புமுன் பாலும் சீனியும் போடாத தே-ஓ கலக்கி அப்பாவின் பக்கத்தில் வைப்பார். அம்மா படியிறங்கியதும் அப்பா கோப்பையை என் பக்கம் தள்ளுவார்.

"நீ குடிம்மா. எனக்கு வேணாம்."

பகல் முழுதும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். உதடு வெடித்திருக்கும். குடித்தால் போகவேண்டும், போனால், அம்மா இல்லாத வீட்டில், வாளியைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லிப் பெற்ற மகளைக் கூப்பிடவேண்டும். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? தே-ஓவில் சீனியை அள்ளிப்போட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். குடித்துவிட்டுக் கீழே ஓடிப்போய், என் அப்பாவுக்கு இப்போதெல்லாம் என்மேல் பாசம் கூடிவிட்டது என்று மக்சிக்கிடம் பெருமையடித்துக்கொண்டேன்.