ஒரு சொட்டு இலையில் படவில்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சௌராஸ்தா மார்க்கெட்டில் கூடை தூக்கிப் பிழைத்து, இன்றைக்குச் சொந்தமாக லோரிகள் ஓட்டுகிறேன். ஜார்ஜ் டவுனில் எந்தப் பெரிய சமையற்கட்டில் கேட்டாலும் சொல்வார்கள், சின்னையா அனுப்பிய சரக்கைத் திருப்பி அனுப்பியவன் கிடையாது என்று. நான் ஏற்றுக்கொண்டு போய்ச் சேராத சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது மீனாட்சியின் வாழையிலை.

மீனாட்சி, நிபோங் திபால் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் இருப்பவள். குமரியாக இருக்கும்போதே முதுகில் களைக்கொல்லி மருந்துப் பம்பை ஏற்றியவள், பேரன் பிறந்த பிறகும் இறக்கவில்லை. செம்பனையைச் சுற்றியுள்ள புல் சாக வேண்டும், மரத்தில் மட்டும் மருந்து படக்கூடாது. அதில் அவளைப் போல் கைநிதானம் யாருக்கும் இல்லை என்று வேலை வாங்கும் மண்டோரே சொல்வார். ஆனால் நகமெல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டது. கண்ணில் ஓயாத நீர். இந்த வேலையை விடாவிட்டால் பார்வை போய்விடும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். விட்டால் சோற்றுக்கு எங்கே போவாள்?

அந்தச் சமயத்தில்தான் நான் காய்கறி போடும் கடற்கரை ஹோட்டலில் சப்ளையர்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினார்கள். எங்களுக்கு விற்கிறவர்கள் இந்த ஊர் ஏழைகளிடம் வாங்கி விற்க வேண்டும், அவர்களும் முன்னுக்கு வரவேண்டும், மண்ணும் கெடக்கூடாது என்றார்கள். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். நான்தான் எழுந்தேன்.

"உங்களுக்கு வேண்டிய வாழையிலை முழுக்க தோட்டத்துப் பொம்பளைங்ககிட்டயே எடுத்துத் தர்றேன்லா!"

எல்லாரும் கை தட்டினார்கள். படித்தவர்கள் தட்டிய கைதட்டல், சும்மா இல்லை.

அந்தத் தோட்டத்துக்கு முருங்கைக்காய் எடுக்கப் போகும்போதே மீனாட்சியை எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். "இலையில மருந்து வாடையே இருக்கக் கூடாது, தெரியும்லே?" என்றேன். அவள் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். தோட்டத்து மானேஜரிடம் கேட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் நாலு வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாழை வைத்தாள். கன்று மரமானது. இலை வெட்டும் பருவம் வந்ததும் பம்பை மண்டோரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஹோட்டல்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் இலை போகத் தொடங்கிவிடும்.

பார்க்க வந்தது ஷர்மினி. கொள்முதல் பகுதியில் வேலை, என் மகள் வயது. வாசலில் கோலம் போட்டிருந்தது. மீனாட்சி தீபாவளிப் புடவையில் நின்றாள். இளநீர் வெட்டித் தயாராக இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஷர்மினி வாழையடியில் குனிந்தாள்.

"அக்கா, இந்தப் புல்லு ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு?"

மீனாட்சியின் முகம் மலர்ந்தது. "நாந்தாம்மா அடிச்சேன். பெரிய எடத்துலேருந்து வர்றீங்க, காடா கெடந்தா நல்லாவா இருக்கும்? நல்லாப் பாருங்க, இலையில ஒரு சொட்டு பட்டிருந்தா என் பேரை மாத்திக்கிறேன்!"

"பம்பைத் திருப்பிக் குடுத்தவ, உங்களுக்காக ஒரு நாளுக்கு எரவல் வாங்கிட்டு வந்தா பாத்துக்குங்க" என்றாள் பக்கத்து வீட்டுக் காமினி. "அதைத் தொட்டா இவளுக்கு மாப்பிள்ளை கையைப் புடிச்ச மாதிரிலா!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஷர்மினி சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், மருந்து பட்ட மண்ணுன்னா அங்க வெளையுறதை மூணு வருஷத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு ஹோட்டல்ல விதி."

"நான் சின்னையா சொல்றேம்மா. பார்க்காத மாதிரி போயிடு."

"நான் போயிடலாம் அங்கிள். மண்ணை எடுத்துச் சோதிப்பாங்களே. அப்புறம் எந்தத் தோட்டத்து அக்காகிட்டயும் வாங்க மாட்டாங்க."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மொத்த மார்க்கெட்டில் எத்தனை சண்டையைத் தீர்த்துவைத்த வாய் இது. அன்றைக்கு அதற்கு மதிப்பில்லை.

மீனாட்சியிடம் நான்தான் சொன்னேன். புரிய நேரமானது. "புல்லுலதானேண்ணே அடிச்சேன்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புல்லுலதானே?" என்றாள் மறுபடியும். இளநீர் அப்படியே இருந்தது.

மற்றக் கடைகளுக்கு என்னால் முடிந்த மட்டும் அந்த இலையை எடுத்தேன். அவர்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள், நான் தள்ளியது ஒரு வீட்டு அடுப்புக்கே காணாது. காமினி மாக் மண்டினில் பாக்டரி வேலைக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். மீனாட்சி மண்டோரிடம் போய்ப் பம்பைத் திரும்பக் கேட்டாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே நின்றாள். நான் குரல் கொடுத்த பிறகுதான் ஆள் தெரிந்தது அவளுக்கு. பம்பை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, ஒரு கட்டு இலை கொண்டுவந்து நீட்டினாள்.

"வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

ஒரு சொட்டு படவில்லை என்று பேர் மேல் பந்தயம் கட்டியவள், கழுவச் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து இலையை விரித்தேன். என் மனைவி தண்ணீர் தெளிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். தண்ணீர் தெளிக்காத இலையில் நான் முதல்முறையாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.